கால் அசைந்த நாள்

அவர் விழுந்தது தை மாதத்தில், அறுப்பு முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்த வாரம். எழுபதுகளின் நடுப்பகுதி அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகளுக்கான எஸ்டேட் வந்துகொண்டிருந்த வருஷங்கள். முள்ளும் புதருமாகக் கிடந்த மேட்டு நிலத்தில் கம்பி வேலி போட்டு, இரும்புத் தூண் நட்டு, வரிசையாக ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்களுக்கு ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் இருந்தது. நடவும் அறுப்பும் போக மிச்ச நாட்களில் என் கணவர் அந்த ஷெட்டுகளுக்குக் கூரை போடும் வேலைக்குப் போவார்.

சிமெண்ட் ஷீட்டின் நடுவில் கால் வைக்கக் கூடாது, போல்ட் இருக்கும் வரிசை மேலேதான் நடக்க வேண்டும் என்று புதிதாக வந்தவர்களுக்கு அவரே சொல்லிக் கொடுப்பாராம். அன்று காலையில் பனி அதிகம். கால் வழுக்கி ஒரு எட்டு தள்ளி வைத்திருக்கிறார். ஷீட் உடைந்து, கீழே இருந்த சிமெண்ட் தரையில் முதுகு பட விழுந்தார். கூட வேலை செய்த நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி லாரியில் போட்டுக்கொண்டு பட்டணத்துக்கு ஓடினார்கள். முதுகு அடிபட்டவனைப் பலகையில் கிடத்தி, வளையாமல் தூக்க வேண்டும் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அந்த நாலு பேருக்கும் அது தெரியாது. அழுதுகொண்டே தூக்கியவர்கள் அவர்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று வருஷம். எனக்கு இருபத்து நாலு வயது. குழந்தை இல்லை.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்தோம். முதல் வாரத்தில் டாக்டர் ஒரு குண்டூசியை எடுத்து அவர் மார்பிலிருந்து கீழே குத்திக்கொண்டே வந்தார். “தெரியுதா? தெரியுதா?” என்று கேட்டார். “தெரியுது, தெரியுது” என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். தொப்புள் வந்ததும் நின்றுவிட்டார். டாக்டர் இன்னும் இரண்டு முறை குத்தினார். பிறகு பேனாவை எடுத்து, தொப்புளை ஒட்டி வயிற்றின் குறுக்கே நீலமாக ஒரு கோடு போட்டார். அதைத் துடைத்தால் சரியாகிவிடும் என்பதுபோல நான் மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். எவ்வளவு அசட்டுத்தனம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித்தான் இருந்தேன்.

வார்டில் கற்றுக்கொண்ட முதல் பாடம் புரட்டிப் படுக்க வைப்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். நமக்கு ஒரே பக்கம் கிடந்தால் வலிக்கும், நாமே திரும்பிவிடுவோம். வலி தெரியாத உடம்பு திரும்பாது. எலும்பு தோலுக்குப் பக்கத்தில் இருக்கிற இடங்களில், வால் எலும்பு, இடுப்பு முட்டி, குதிகால், கணுக்கால் ஆகிய இடங்களில், ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போகும். பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு அப்படி வந்த புண்ணில் என் கைமுட்டி நுழையும். அதைப் பார்த்த பிறகு நான் ஒரு தடவைகூடத் தவறவில்லை. மூத்திரத்துக்கு ரப்பர் குழாய் போட்டிருந்தார்கள். அதைச் சுத்தம் செய்யவும் கற்றுக்கொண்டேன்.

நடப்பாரா மாட்டாரா என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. “ஊட்டுக்குப் போயி எக்சைஸ் பண்ணணும்” என்று மட்டும் சொல்லி, திருவள்ளூரில் ஒரு இடத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒரு தர்ம ஸ்தாபனத்தின் ஹாலில் வியாழக்கிழமை தோறும், பட்டணத்திலிருந்து ரயிலில் ஒரு பெண் வந்து கைகால் விளங்காதவர்களுக்குப் பயிற்சி கொடுப்பாள்.

பங்குனியில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். என் மாமியார் மகனைப் பார்த்து அழவில்லை. “நைனா, நீ உக்காந்துகினு இரு போதும், ஒன்ன நான் பாத்துக்கறேன்” என்றார். பிறகு கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் வரவில்லை. வியாழக்கிழமைகளில் கொழுந்தன் என் கணவரை முதுகில் சுமந்து பஸ்ஸில் ஏற்றுவான். கடைசி நீள சீட்டில் படுக்கவைத்து, நான் தலையை மடியில் வைத்துக்கொள்வேன். பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போய்ச் சேர வெயில் ஏறிவிடும்.

ஹாலில் இருந்த அந்தப் பெண்ணுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். அப்போதுதான் படித்து முடித்திருந்தாள். வெள்ளைப் புடவை, ஒற்றைப் பின்னல், கையில் வளையல் கிடையாது. நான் “டாக்டரம்மா” என்றதும், “ஐயோ, நான் டாக்டர் இல்ல அக்கா” என்று சிரித்தாள். மூலையில் ஒரு எலும்புக்கூடு கொக்கியில் தொங்கியது. நான் பயந்ததைப் பார்த்து, அதன் கையைப் பிடித்து என் கையில் வைத்தாள்.

“பயப்படாதீங்க. இது தெரிஞ்சாத்தான் நீங்க அவர் காலை ஒழுங்கா பிடிக்க முடியும்.”

முதுகெலும்பு என்பது ஒரே கம்பு இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முப்பத்துச் சொச்சம் துண்டுகள் என்று அன்றுதான் பார்த்தேன். நடுவில் ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளே சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு நரம்புத்தண்டு மூளையிலிருந்து இறங்குகிறது. கால் அசைய வேண்டும் என்ற உத்தரவு அதன் வழியாகத்தான் கீழே போகும். காலில் முள் குத்திய சேதியும் அதன் வழியாகத்தான் மேலே வரும். அவள் முதுகின் நடுவில் இரண்டு துண்டுகளைத் தொட்டு, “இங்கே” என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

மூட்டுகளைப் பற்றி நிறையச் சொன்னாள். அசையாத மூட்டைச் சுற்றித் தசை குறுகிப்போகும். முழங்கால் மடங்கியபடி இறுகிவிடும். பாதம் கீழ்நோக்கித் தொங்கி, குதிகாலுக்குப் பின்னால் இருக்கிற தடித்த தசைநார் சுருங்கிவிடும். ஒருமுறை சுருங்கினால் கத்தி வைத்துத்தான் நீட்ட வேண்டும். ஆகவே தினம் இருவேளை ஒவ்வொரு மூட்டையும் முழுசாக மடக்கி, முழுசாக நீட்டிவிட வேண்டும். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, என் முன்னங்கையை அவர் பாதத்தில் அணைத்து, மெதுவாக மேலே தள்ள வேண்டும். அவசரப்பட்டுத் தள்ளினால் தசை எதிர்த்துக்கொள்ளும். பத்து எண்ணும்வரை நிதானமாகப் பிடித்தால் இளகும். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் என் கணவரின் காலை நான் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. இடது பெருவிரல் நகத்தில் எப்போதோ ஷீட் விழுந்த பழைய கருப்பு இருந்தது.

கால் அசைந்தது அதற்கு அடுத்த திங்கட்கிழமை. காலை நாஷ்டா முடிந்து அவர் உடம்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளங்காலைத் துடைத்தபோது வலது கால் சட்டென்று மேலே இழுத்துக்கொண்டது. முழங்கால் மடங்கி, பாதம் என் கையை விட்டுப் போனது. நான் துணியைக் கீழே போட்டுவிட்டேன்.

“இன்னாடி?” என்றார் அவர். அவருக்குத் தெரியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“காலு... காலு அசைஞ்சிது.”

“சும்மா சொல்லாத.”

தலையணையை வைத்துத் தலையைத் தூக்கிவிட்டு மறுபடியும் உள்ளங்காலைத் துடைத்தேன். மறுபடியும் இழுத்தது. அவர் அதைப் பார்த்தார். விழுந்த அன்று அழாதவர், ஊசி குத்திய அன்று அழாதவர், அன்று குலுங்கிக் குலுங்கி அழுதார். மாமியார் உள்ளே ஓடி வந்தார். அவருக்கும் காட்டினோம். அவர் அப்படியே தெருவில் ஓடினார், தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல். “எம்புள்ள காலு வந்துட்ச்சி! எம்புள்ள காலு வந்துட்ச்சி!” என்று கத்திக்கொண்டு அம்மன் கோயில்வரை ஓடினார். அன்று சாயங்காலமே கோயிலில் பொங்கல் வைத்தார்.

பார்க்க ஊரே வந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்தார்கள். கால் இழுத்துக்கொள்ளும்போதெல்லாம் “ஆ!” என்று ஒரே சத்தம். அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன நாலு பேரும் வந்தார்கள். அதில் ஒருவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். என் கணவர் எல்லோருக்கும் நடுவில் மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு படுத்திருந்தார். “ஆடிக்குள்ள ஏரு ஓட்டிருவேன் பாருங்க” என்றார்.

வியாழக்கிழமை ஹாலுக்குள் நுழையும்போதே நான் அந்தப் பெண்ணிடம் ஓடினேன். சொல்லச் சொல்ல அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. அவரைப் பாயில் படுக்கவைத்து, உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, “இப்போ எந்தக் கால் அசைஞ்சுது, சொல்லுங்க” என்றாள். அவர் “வலது” என்றார். அசைந்தது இடது. “சரி, நல்லா கையைத் தூக்குங்க” என்று அவருக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு, என்னை மூலைக்கு, அந்த எலும்புக்கூட்டின் பக்கம் கூட்டிப்போனாள்.

“அக்கா, ஆஸ்பத்திரில உங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையா?”

“இல்லியே. இன்னா?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். நரம்புத்தண்டு அறுந்த இடத்துக்குக் கீழே இருக்கிற பாகம் செத்துவிடவில்லை. அடிபட்ட அதிர்ச்சியில் சில வாரம் சும்மா கிடந்துவிட்டு இப்போது விழித்திருக்கிறது. உள்ளங்காலைத் தொட்டால் அந்தச் சேதி தண்டுக்குப் போகிறது. ஆனால் மூளைக்குப் போக வழி இல்லை. அங்கேயே திரும்பி, காலை இழு என்று தானாகவே உத்தரவு கொடுத்துவிடுகிறது. அவர் அசைக்கவில்லை. அது அசைகிறது.

“அப்போ... நடக்கறது?”

“அறுந்த தண்டு ஒட்டாது அக்கா. கால்ல கம்பி கட்டி, கட்டையை ஊணி நிக்க வைக்கலாம். கையால எல்லாம் செய்யப் பழக்கலாம். ஆனா...” அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “நான் அவர்கிட்ட சொல்லட்டுமா? சொல்லணும். எனக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு மணல் மூட்டைகளை இரண்டு கையிலும் தூக்கி, இறக்கி, தூக்கி, வியர்வை வழியச் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வேணாம்மா,” என்றேன். “இப்போ வேணாம். கொஞ்ச நாள் போவட்டும். நானே சொல்லிக்கறேன்.”

கொஞ்ச நாள் ஆறு மாதமாயிற்று.

அந்த ஆறு மாதம் அவரைப் போல உழைத்த மனுஷனை நான் பார்த்ததில்லை. காலையில் எழுந்ததும் மணல் மூட்டை. கட்டிலுக்குக் குறுக்கே கட்டிய மூங்கிலைப் பிடித்து உடம்பைத் தூக்குவது. உட்கார்ந்தபடி இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றிப் பிட்டத்தைத் தரையிலிருந்து எழுப்புவது. முதலில் ஒரு விரற்கடை எழும்பினார். ஆடியில் ஒரு சாண் எழும்பினார். இது எப்படி என்று நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். தொப்புளுக்குக் கீழே உத்தரவு போகாதென்றால் இடுப்பு எப்படி எழும்புகிறது? அவள் என் முதுகில் அக்குளுக்குக் கீழே கை வைத்து, இடுப்பெலும்புவரை தடவிக் காட்டினாள். புஜத்தில் பிடித்துக்கொண்டு இடுப்புவரை அகலமாக இறங்குகிற தசை ஒன்று இருக்கிறது. இடுப்பைப் பிடித்திருந்தாலும் அதற்கு நரம்பு கழுத்திலிருந்து வருகிறது, உடைந்த இடத்துக்கு மேலே. “அந்த ஒரு தசைதான் அக்கா இவரோட கைக்கும் இடுப்புக்கும் நடுவுல பாலம். அதை வளர்த்தா இவர் தன்னைத் தானே தூக்கிப்பார்.” அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்தது. நடப்பார் என்று அவர் நம்புவதால்தானே அந்தத் தசை வளர்கிறது? சொன்னால் விட்டுவிடுவாரே? அப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஊர்க்காரர்கள் அதற்குப் பிறகும் வந்து உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை. ஹாலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். கிணற்று வேலையில் மண் சரிந்து இடுப்பொடிந்தவர், ஐம்பது வயது இருக்கும். என் கணவருக்குப் பக்கத்துப் பாயில் கிடந்தார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இவர் தன் காலைக் காட்டினார்.

“எனுக்குக் காலு வந்துகினே இருக்குதுண்ணா. இதோ பாரு.”

வந்தவர் பார்த்தார். தன் வேட்டியை விலக்கித் தன் தொடையைத் தட்டினார். அவர் காலும் அதேபோல இழுத்தது, நடுங்கியது, நின்றது.

“இது அஞ்சு வருசமா துடிக்குது தம்பி. சொம்மா துடிக்கும். அது நம்ப காலு இல்ல. ஒனுக்கு யாரும் சொல்லலியா?”

என் கணவர் அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார். என் முகத்தை நான் மறைத்துக்கொள்வதற்குள் பார்த்துவிட்டார்.

“ஒனுக்குத் தெரியுமா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “தெரியும்.”

“எப்பலேந்து?”

“பொங்க வச்ச வாரத்துலேந்து.”

அவர் தன் காலைப் பார்த்தார். “ஊரே வந்து காலச் சொறிஞ்சிகினு போச்சே. நான் இளிச்சிகினு படுத்திருந்தேனே. நீ நின்னு பாத்துகினு இருந்தியே.”

அந்தப் பெண் ஓடி வந்து, “தப்பு என் மேலதான், நான்தான் சொல்லியிருக்கணும்” என்றாள். அவர் அவள் பக்கம் திரும்பி மரியாதையாக, “நீங்க இன்னாம்மா செய்வீங்க” என்றார். அதற்குப் பிறகு பஸ்ஸில் என் மடியில் தலை வைக்கவில்லை. சீட்டிலேயே கன்னத்தை வைத்துக்கொண்டார்.

ஒரு மாதத்துக்கு மேல் என்னிடம் பேசவில்லை. மணல் மூட்டையைத் தொடவில்லை. சாப்பாட்டை அம்மா கொடுத்தால் வாங்கிக்கொள்வார். நான் வழக்கம்போல இருவேளையும் கால் மூட்டுகளை மடக்கி நீட்டினேன். வேண்டாம் என்று தள்ள அவருக்குக் கை எட்டாது. ஒருநாள் மட்டும், “அது என்னுது இல்ல. ஒனுக்கு வேணும்னா வச்சிக்கோ” என்றார். நான் பத்து எண்ணி முடித்துவிட்டு அடுத்த காலை எடுத்தேன். தாயிடம் மட்டும் ஒன்று சொல்லிவைத்தார்: “காலப் பத்தி எதுவும் என்னக் கேக்காத.” அம்மாவிடம் உண்மையைச் சொல்ல, என்னைப் போலவே, அவராலும் முடியவில்லை.

ஐப்பசியில் அது நடந்தது. மழை விட்டிருந்த ஒரு பகல். மாமியாரும் கொழுந்தனும் களை எடுக்கப் போயிருந்தார்கள். தெருவில் ஒருவரும் இல்லை. அவரை நான் தனியாகவே கட்டிலிலிருந்து தூக்கிக் கீழே பாயில் உட்கார வைப்பது வழக்கம்தான். பாரத்தைக் கால் முட்டியில் வாங்க வேண்டும், முதுகில் வாங்கக் கூடாது என்று அந்தப் பெண் பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள். அன்று என்ன நினைவோ, முதுகை வளைத்துத் தூக்கினேன். இடுப்பில் கத்தி சொருகியதுபோல ஒரு வலி. அவரையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தேன். கால் இரண்டும் மரத்துப்போயின. எழுந்திருக்க முடியவில்லை. அசைந்தால் உயிர் போனது.

“எழுந்திரு” என்றார். அந்த ஒரு மாதத்தில் அவர் என்னிடம் பேசியது அது இரண்டாவது தடவை.

“முடியல. காலு மரமரன்னுது.”

அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பயம் வந்தது. “காலு தெரியுதா? கிள்றேன், தெரியுதா?” என்று என் தொடையைக் கிள்ளினார். தெரிகிறது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. “இரு, அசையாத. முதுக வளைக்காத. எவனையும் கையக் கால புடிச்சித் தூக்க உடாத. பலகை எடுத்தாரச் சொல்றேன்” என்றார்.

பிறகு இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, பிட்டத்தைத் தூக்கி, ஒரு சாண் நகர்ந்தார். மறுபடி ஊன்றினார். மறுபடி. வாசற்படியில் விழுந்தார். குப்புறத் திரும்பி, முழங்கையால் இழுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். முற்றத்துக்கு அப்பால் தெருவரை கப்பிக்கல் கொட்டியிருந்தது, மழைச் சேற்றுக்காக. அதன்மேல் அவர் இடுப்பும் தொடையும் உரசிக்கொண்டு போவது எனக்குப் படுத்த இடத்திலிருந்து தெரிந்தது. “வேணாங்க, வந்துருங்க, எனுக்கு ஒண்ணும் இல்ல” என்று கத்தினேன். அவர் நிற்கவில்லை. “பலகை எடுத்தாங்கடா! பலகை எடுத்தாங்கடா!” என்று அவர் தெருவிலிருந்து போட்ட சத்தம் வயல்வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

எனக்கு வந்தது வெறும் இடுப்புப் பிடிப்பு. இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்திருந்தால் நானே எழுந்திருப்பேன். நாலு நாளில் தண்ணீர் சேந்தினேன்.

அவருக்கு இடுப்பு முட்டியிலும் பிட்டத்திலும் தோல் கிழிந்து சதை வெளியே தெரிந்தது. வேட்டி முழுக்க ரத்தம். அவருக்கு அது தெரியவே இல்லை. யாரோ சொல்லித்தான் குனிந்து பார்த்தார். “அட, ஆமா” என்றார். அன்று சாயங்காலம் நான் புண்ணைக் கழுவும்போது, “நீ இல்லாங்காட்டி நான் இன்னா பண்ணுவேன்னு தெர்ல. பேஜாராப் பூட்ச்சி” என்றார். அவ்வளவுதான். பொய்யைப் பற்றி நாங்கள் பிறகு ஒருநாளும் பேசவில்லை. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அந்தப் பெண் புண்ணைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். உட்காரவே கூடாது, புண் ஆறும்வரை குப்புறத்தான் படுக்க வேண்டும் என்றாள். நடந்ததைச் சொன்னேன். “எத்தனை அடி போனார்?” என்று கேட்டாள். வீட்டிலிருந்து தெருமுனைவரை என்றேன். “அவ்வளவு தூரமா?” என்று அவர் முதுகின் இரண்டு பக்கமும் கை வைத்து அந்தத் தசையை அழுத்திப் பார்த்தாள். “இனிமே உங்களை நிக்க வைக்கலாம். புண் மட்டும் ஆறட்டும்.” அவர் தலையை ஆட்டினார். நிற்பது நடப்பதல்ல என்று இப்போது அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒப்புக்கொண்டார்.

இரண்டு மாதம் குப்புறக் கிடந்தார். மார்பின் கீழே தலையணை வைத்து, முன்னால் முறத்தை வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குவார். முறத்தின் விளிம்புக்கு மேலே என்னைப் பார்த்து ஏதாவது பேசுவார். எந்த மடையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, எந்தப் பயிர் சாய்ந்தது என்று கேட்பார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அதிகம் பேசியது அந்த இரண்டு மாதத்தில்தான். மார்கழிக் கடைசியில் புண் மூடியது. மேல்தோல் மூடியதே தவிர அடியில் எலும்புவரை சீழ் கட்டியிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. வலித்திருந்தால் தெரிந்திருக்கும்.

தையில் கால்களுக்கு இரும்புக் கம்பி வந்தது. இரண்டு பக்கமும் கம்பி, தோல் பட்டை, முழங்காலில் பூட்டு, அடியில் பூட்ஸ். மூட்டு நேராக இருந்தால்தான் அந்தப் பூட்டு விழும். அவருடையது விழுந்தது. “முழங்கால் கொஞ்சம்கூட மடங்கல, யார் பார்த்துக்கிட்டது?” என்று அளவெடுத்த ஆள் கேட்டான். அவர் தலையை என் பக்கம் அசைத்துக் காட்டினார்.

ஹாலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் அவரை உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் முன்னால் நின்றாள், நான் பக்கத்தில். “கையை ஊணி, இடுப்பை முன்னால தள்ளுங்க. தோளைப் பின்னால போடுங்க” என்றாள். அவர் எழுந்தார். நின்றார்.

என் தலை அவர் தோள்வரைதான் வரும். ஒரு வருஷத்தில் எனக்கு அது மறந்துபோயிருந்தது. அத்தனை நாளும் நான் குனிந்தே பார்த்த முகத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “இங்கேந்து ரயிலு தெரியுது” என்றார். எத்தனை மாதமாக அந்த ஹாலுக்கு வருகிறோம், பாயில் கிடந்தவருக்கு அது தெரியாமலே இருந்திருக்கிறது. நூறு எண்ணும்வரை நின்றார். உட்கார வைத்த பிறகு அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

மூன்று வியாழக்கிழமை நின்றார். நாலாவது வியாழக்கிழமை காலையில் குளிர் காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கால்கள் ஓயாமல் இழுத்துக்கொண்டன. இடுப்புப் புண் வாய் திறந்து சீழ் கொட்டியது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் எட்டு நாள் வைத்திருந்தோம். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஆறாம் நாள் நினைவு தெளிந்து, நான் காலை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். “போதும் உடும்மா, கை வலிக்கப் போவுது” என்றார். அதுவரை என்னை அவர் ‘அம்மா’ போட்டுக் கூப்பிட்டதில்லை. எட்டாம் நாள் பகல் பதினொரு மணிக்கு உயிர் போயிற்று.

வீட்டில் குளிப்பாட்டும்போது பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஒரு வருசம் கெடந்த ஒடம்பு மாதிரியே இல்லியே. காலு நேரா இருக்குது” என்றார். நெடுநாள் படுக்கையில் கிடந்தவர்களுக்கு முழங்கால் மடங்கி இறுகிவிடும், பாடையில் கிடத்தச் சிரமப்படுவார்கள். இவரை யாரும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. அதைக் கேட்டபோதுதான் நான் வாய்விட்டு அழுதேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

அந்தப் பெண் கருமாதிக்கு வந்திருந்தாள். பட்டணத்திலிருந்து ரயிலேறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, வழி கேட்டு நடந்தே வந்தாள். எங்கள் வீட்டு வாசலில் நின்று அந்தக் கப்பிக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவளுக்கும் கேட்க ஒன்று இருந்தது, எனக்கும் இருந்தது. அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சொல்லியிருந்தால் அவர் கையை வளர்த்திருக்க மாட்டார், வளர்க்காவிட்டால் தெருமுனைவரை போயிருக்க மாட்டார், போகாவிட்டால் இருந்திருப்பார். அல்லது முதல் மாதமே மனசு விட்டுப் போய்ச் சேர்ந்திருப்பார். அவள் அடுத்த வருஷம் கல்யாணமாகி வடக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

என் பிறந்த வீட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. மாமியாரோடுதான் பதினோரு வருஷம் இருந்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்தே வயலுக்குப் போவோம், சேர்ந்தே சாப்பிடுவோம். கடைசிவரை அவருக்கு நான் அந்தக் கால் விஷயத்தைச் சொல்லவில்லை. வேலைக்கு நடுவில் திடீரென்று நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பார்:

“அந்தக் காச்ச மட்டும் வரலன்னா இன்னோரு ஆறு மாசத்துல நடந்திருப்பான் இல்ல?”

“ஆமா அத்த,” என்பேன். “நடந்திருப்பாரு.”